ஜாயிண்ட் இல்லாத செயின்

வாங்க தம்பி, வாங்க. மேல் போர்ஷன் பாக்கத்தானுங்களே வந்தீங்க? கேட்டுல தொங்கற போர்டைப் பாத்து வந்தீங்களா, மளிகைக் கடைக்காரர் சொல்லி வந்தீங்களா? எப்படி வந்தா என்னுங்க. வண்டிய அந்தச் செவுத்தோரமா நெழல்ல போடுங்க. கேட்டை மூட வேண்டாம், அப்படியே தொறந்து கெடக்கட்டும். இப்ப எம் பையன் பூபதி கார்ல வருவான். அவன் வாசல்ல நின்னு, எறங்கி, கேட்டைத் தொறந்துன்னு இருக்கக் கூடாது பாருங்க. நேரா உள்ள வந்துரோணும்.

வீட்டைப் பாக்கச் சித்த நேரம் ஆகும். சாவி எங்கிட்ட இல்ல. எம் வீடுதான், நான் கட்டுன வீடுதான், மேல் வீட்டுச் சாவி மட்டும் பையன்கிட்ட. நான் ஒரு பூட்டுப் போட்டிருந்தேன். அதைக் கழட்டிப்போட்டு அவன் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டான். அது ஒரு கதை. முன்ன பையனும் மருமகளும் மேலதான் குடியிருந்தாங்க, அவங்க பாத்திரம் பண்டம் கொஞ்சம் கெடக்குது. இன்னைக்கு வந்து எடுத்துக்கிட்டு சாவியக் குடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். உக்காருங்க. அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்குங்க.

என்னடா இந்தப் பெருசு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைன்னு கல்யாண மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்குதுன்னு பாக்கறீங்களா? பேத்தி வர்றாளுங்க! பொறந்து தலை நின்னு, ஆளைப் பாத்தாச் சிரிக்கறாளாம். நான் இன்னும் பாக்கல. இன்னைக்குத்தான் மொதல் மொதலாப் பாக்கப் போறேன். எங் கையப் பாருங்க. சோப்புப் போட்டுத் தேச்சு, அப்புறம் அரப்புப் போட்டுத் தேச்சு, அப்புறம் எலுமிச்சம்பழத் தோலு. நகக்கண்ணுல ஒரு பொட்டுக் கருப்பு இருக்குதுங்களா? நல்லாப் பாருங்க. மில்லுல ஃபிட்டர் வேலை பாத்தவன் கைங்க இது. சாகற வரைக்கும் இந்தக் கருப்பு போகாதும்பாங்க. போயிருச்சு பாத்தீங்களா.

காலைல எம் பொண்டாட்டி துளசிமணி போன் பண்ணினா. அவ பையன் வீட்டுல இருக்கறா, சரவணம்பட்டில. மருமக பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில தொணைக்குன்னு போனவ, அப்படியே அவங்ககூடப் போய்த் தங்கிட்டா. நான் இங்க மெஸ் சாப்பாடு. அதை விடுங்க. என்ன சொன்னான்னா, "ஏனுங்க, காதைக் குடுத்துக் கேளுங்க. குழந்தைய எடுத்துக்கிட்டு எல்லாரும் வர்றோம். ஹேமாவும் வர்றா. நீங்க குளிச்சு வேட்டி கட்டிக்கிட்டு, கைகாலைக் கழுவிக்கிட்டு, சும்மா உக்காந்திருங்க. எந்த வேலையிலயும் கை வெக்காதீங்க. செயின்ங்கற பேச்சே எடுக்காதீங்க. அவன் கேட்டது ஒத்தை வார்த்தை. 'நான் பண்ணினது தப்பு சாமி'ன்னு சொல்லிப்போடுங்க. சொல்லிட்டீங்கன்னா குழந்தைய மடியில குடுத்துருவான். அப்பப்பக் கூட்டியாறேன்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கான். இதை வாங்கறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்"னா. சொல்லிக்கிட்டே இருந்தவ அழுதுட்டா. எங்கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்தினவ, அவ அழுது நான் அதிகமாப் பாத்ததில்லீங்க.

சரின்னுட்டேன். ஒத்தை வார்த்தைதானுங்களே. வாயிலிருந்து வர்ற காத்து. சொல்லிட்டாப் போச்சு. போனை வெச்சதுமே ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன். நான் பண்ணினது தப்பு சாமி. நான் பண்ணினது தப்பு சாமி. வருது, வராமலென்ன.

தண்ணி வேணுங்களா? வேண்டாமா, சரி.

தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க வண்டி உள்ள திரும்பும்போதே எங் காதுல விழுந்துருச்சு. கரக் கரக்குன்னு ஒரு சத்தம். உங்களுக்குக் கேக்கலீங்களா? செயினு. எப்பத் தொடச்சீங்க? சரி சரி, நான் ஒண்ணும் பேசலை. இன்னைக்குப் பேசறதில்லைன்னு இருக்கேன். சும்மா எந்திரிச்சு ஒரு எட்டுப் பாக்கறேன், அவ்வளவுதான். கையப் பொறத்தால கட்டிக்கிட்டேன் பாருங்க. பாக்கறதுல என்ன இருக்குது.

அட கடவுளே. சேறும் மண்ணும் அப்பிக் கெடக்குதுங்களே! மழைல ஓட்டினீங்களா? இதைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் ஓட்டறீங்களோ.

என்னது? சீல் செயினா? ஹா! எம் பையனும் இதையேதான் சொல்லுவான். அட்சரம் மாறாம. "அப்பா, இது சீல் செயின். ஒவ்வொரு கண்ணியிலயும் ரப்பர் வளையம் இருக்கு. கம்பெனிலயே கிரீஸை உள்ள வெச்சு வளையம் போட்டு அடைச்சுட்டான். நாம உள்ளயே போக வேண்டாம். மண்ணெண்ணெய்த் துணியால தொடச்சு, மெத்துன்னு ஒரு பிரஷ்ல லேசாத் தேச்சு, மேலால கொஞ்சம் ஆயில் தடவினாப் போதும். பெட்ரோல் பட்டா ரப்பர் வெறைச்சு வெடிச்சுரும், கம்பி பிரஷ் பட்டாக் கிழிஞ்சுரும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள காஞ்சு போயிருக்கும்" அப்படீம்பான். பாடம் ஒப்பிக்கற மாதிரி. உள்ள கிரீஸ் இருக்குதாமா! கண்ணுல பட்டுதா? பாத்தவன் யாரு? நான் மில்லுல பஞ்சு சிக்கெடுக்கற கார்டிங் மிசின் செயினுகளை லீவு நாளானா மொத்தமாக் கழட்டி, தொட்டில போட்டு ஊறவெச்சு, கண்ணி கண்ணியாத் தேச்சு எடுத்தவன். எங்க செக்‌ஷன் மிசின் செயின் அறுந்து நின்னுதுன்னு ஒருத்தன் சொல்லச் சொல்லுங்க. அழுக்கு உள்ளயும் போகும். உள்ள போன அழுக்கை உள்ள போய்த்தான் எடுக்கோணும். இதுக்கு என்னத்துக்கு இஞ்சினீயரு படிப்பு?

ஸ்டாண்டு மட்டும் போட்டுத் தர்றேன். பின் சக்கரம் தூக்கி நின்னாத்தான் உங்களுக்கே தெரியும். இருங்க, இது நானே லேத்துல குடுத்து வெல்டு வெச்சு வாங்குன ஸ்டாண்டு, எம் பையன் வண்டிக்குன்னு. புடிங்க இந்தப் பக்கம். ம்ம்... நின்னுருச்சு. சக்கரத்தைக் காலால தள்ளறேன், கை படாம. பாத்தீங்களா? ஒரு எடத்துல தொங்குது, ஒரு எடத்துல விண்ணுங்குது. நான் சொன்னேன்ல.

பூபதி வேலைக்குப் போய்ச் சேத்து வெச்ச பணத்துல வாங்குன வண்டிங்க அது. ஆசை ஆசையா வாங்கினான். ஞாயித்துக்கிழமை அவன் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள நான் செயினைத் தேச்சு வெச்சிருப்பேன். வெள்ளிக் கொலுசாட்டம் மின்னும். மொத மொத பாத்தப்போ குனிஞ்சு மோந்து பாத்தான். அப்புறம், "ஏம்பா, பெட்ரோல் வாசம் அடிக்குது?"ன்னான். அப்புறம் ஒரு ஸ்ப்ரே டப்பாவும் பல்லு வெளக்கற பிரஷ்ஷாட்டம் ஒண்ணும் வாங்கிட்டு வந்து, "அப்பா, உங்களுக்குச் செய்யோணும்னு இருந்தா இதுல செய்யுங்க"ன்னு எங் கையிலயே குடுத்தான். மரியாதையாத்தான் குடுத்தான். நான் அந்த ஸ்ப்ரேயை வாசல் கேட்டோட கீலுக்கு அடிச்சேன். நல்லாத்தான் வேலை செஞ்சுது. செயினுக்கு நம்ம வேலைதான்.

இந்தத் துணி பழசுதான். சும்மா மேல் அழுக்கை மட்டும் ஒத்தி எடுக்கறேன். கையில படாமப் புடிச்சிருக்கேன் பாருங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கறேன். அவங்க இன்னும் டவுனைத் தாண்டியிருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை, ரோடெல்லாம் கல்யாண வண்டியா இருக்கும்.

கல்யாணம் ஆச்சுங்க பூபதிக்கு. ஹேமா. நல்ல புள்ளைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா வாயே தொறக்க மாட்டா. உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது. எனக்கு அப்படி ஆளுககிட்ட ஒத்து வராது. மனசுல இருக்கறதை எடுத்து வெளிய வெக்கோணும், தேச்சுத் தொடச்சு வெக்கோணும். அவ வந்து மேல் வீட்டுக் கதவைச் சாத்துனா, சாத்துனதுதான். ஒரு நாள் அந்தத் தாழ்ப்பாள் இறுகிக் கெடந்துது. கழட்டி, அரம் போட்டு, எண்ணெயில ஊறப் போட்டேன். திருப்பி மாட்டக் கொஞ்ச நாள் ஆயிப்போச்சு. வேற வேலை வந்துருச்சு. அதுக்கு அந்தப் புள்ள கதவுக்குப் பின்னால தண்ணிக் குடத்தை நகத்தி வெச்சுக்கிட்டு இருந்திருக்குது! எங்கிட்ட வந்து, "மாமா, தாழ்ப்பாள் மாட்டிக் குடுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன? கேக்கல. அந்தக் கொடத்துமேல கால் பட்டு நான்தான் விழப் பாத்தேன், காபி குடுக்கலாம்னு போனப்போ. அன்னைக்கு ராத்திரி பூபதி வேற பூட்டு வாங்கிட்டு வந்துட்டான்.

துணிக்கு இது போகலீங்க தம்பி. காஞ்சு கல்லாட்டம் இருக்குது.

அதென்ன பதட்டப்படறீங்க? உங்க வண்டி, எனக்குத் தெரியாதா? இருங்க. மண்ணெண்ணெய் தீந்து போச்சு, பாட்டில்ல பெட்ரோல் கெடக்குது, எம் மொபட்டுல இருந்து எடுத்தது. ஒரு பத்துக் கண்ணி மட்டும். பத்துக் கண்ணி தேச்சுக் காட்டறேன், நீங்களே பாத்துப்போட்டு, மீதியும் தேச்சுக் குடுங்கன்னு சொல்லுவீங்க. கம்பி பிரஷ் இங்கதான் இருக்கும். ஆங்.

சத்தத்தைக் கேளுங்க. சர்ர்ர், சர்ர்ர். இதைக் கேட்டாத்தான் எனக்கு மனசு நிக்குது. காலைலயிருந்து சேர்ல உக்காந்து உக்காந்து, கையும் ஓடல காலும் ஓடல. குழந்தை எங்கிட்ட வருமா, அழுமா, எப்படிப் புடிக்கறது, கழுத்துக்குக் கீழ கை குடுக்கோணும்பாங்க... பூபதிய நான் தூக்குனதே இல்லீங்க தெரியுங்களா? மில்லு வேலை. வந்தா கையெல்லாம் எண்ணெய். "தொடாதீங்க, கையக் கழுவிட்டு வாங்க"ம்பா துளசிமணி. கழுவிட்டு வர்றதுக்குள்ள அவன் தூங்கிப் போயிருப்பான். இந்தப் பேத்தியவாவது தூக்கோணும்ங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒருக்கா தூக்கோணும்.

பாருங்க, தேச்ச எடத்தைப் பாருங்க. பளிச்சுன்னு ஆச்சா இல்லையா?

அவன் அப்புறம் சண்டைக்கே வந்துட்டானுங்க. செயின் சீக்கிரமே தேஞ்சு போச்சாம். புதுசு ஒண்ணு மாத்தினான். மெக்கானிக் என்னமோ ஓதியிருக்கான். வந்து எங் கால்ல விழாத குறை. "அப்பா, கையெடுத்துக் கும்பிடறேன். இந்தச் செயினைத் தொடாதீங்க. நான் பாத்துக்கறேன்." அம்மா தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன். சத்தியத்தை நான் மீறலீங்க. தேய்க்கல. நெசமாத் தேய்க்கல. எவ்வளவு நாளு பாத்துக்கிட்டே இருந்தேன் தெரியுங்களா? அது மண்ணேறிக்கிட்டே போகுது, அவன் ஞாயித்துக்கிழமையானா அந்த ஸ்ப்ரேயை அடிச்சு, பிரஷ்ஷால தடவி, துணியால தொடச்சுப்போட்டு, முடிஞ்சுதுங்கறான். அது வேலையா? குழந்தைக்கு பவுடர் போடற மாதிரி.

அப்பத்தான் ஹேமா உண்டாயிருந்தா. மாசம் ஏறிக்கிட்டு இருந்துது. அவங்க அம்மா வீட்டுல என்னமோ விசேசம், ரெண்டு பேரும் வண்டிலயே போறதுன்னு முடிவு. சூலூர்தான், பக்கம். மொத நாள் பொழுதோட நான் வண்டியச் சுத்திச் சுத்தி வர்றேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு பின்னாடி உக்காந்து போறா. செயின் இந்தக் கோலத்துல இருந்தா எப்படிங்க விடறது? என் இடத்துல நீங்க இருந்தா விட்டுருப்பீங்களா? அவ மேல எனக்கு அக்கறை இல்லைன்னு ஒரு ஆளு சொல்லட்டும்!

தேய்க்கறதில்லைன்னுதானே சத்தியம்? அதனால கழட்டி ஊறவெச்சுரலாம்னு நெனைச்சேன். கழட்டலாம்னு, ரெண்டு முனையும் சேர்ற அந்த ஜாயிண்ட்டைத் தேடறேன், தேடறேன், சக்கரத்தைச் சுத்திச் சுத்திப் பாக்கறேன், ஜாயிண்ட்டே இல்லீங்க! சுத்தி ஒரே மாதிரி. ஜாயிண்ட்டே இல்லாத செயின் ஒண்ணு உலகத்துல உண்டுங்களா? நாளைக்கு எப்படிக் கழட்டுவான், எப்படிப் பாப்பான்? கம்பெனிக்காரன் மறந்துட்டான்னுதான் நெனைச்சேன். இரும்பு ராவற கிரைண்டர் எடுத்து ஒரு கண்ணியோட தலைய ராவி, பின்னைத் தட்டி எடுத்துட்டேன். செயின் கையோட வந்துருச்சு. பெட்ரோல்ல ராத்திரி பூரா ஊறுச்சு. விடியக்காலைல எடுத்து மாட்டி, ரெண்டு முனையையும் சேக்கறதுக்குக் கடைத்தெருவுல வாங்குன லாக் ஒண்ணு போட்டு, நல்லா விண்ணுன்னு இழுத்து வெச்சேன். அவங்க எந்திரிச்சு வர்றப்போ வண்டி தயாரா நிக்குது. நான் ஒண்ணும் சொல்லிக்கல. சொல்லிக் காட்டற பழக்கம் எனக்கு இல்ல. ஜாயிண்ட் இல்லாத செயினுக்கு ஒரு ஜாயிண்ட் போட்டுக் குடுத்திருக்கேன், அதுவே நமக்குச் சந்தோசம்.

சிங்காநல்லூர் தாண்டி, பாலம் ஏறி எறங்கற எடத்துல லாக் கழண்டுருச்சு. செயின் அறுந்து பின் சக்கரத்துல சுத்திக்கிச்சு.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? லாக்தான் கழண்டுது. கடைக்காரன் குடுத்த லாக்கு. நான் மாட்டுனது சரியாத்தான் மாட்டுனேன். மில்லுல எத்தனை மாட்டியிருப்பேன்.

பூபதிக்கு சிராய்ப்புதான். ஹேமாவுக்கு எடது கால் ரெண்டு எடத்துல போச்சு. பிளேட்டு வெச்சிருக்குது, இன்னும் சம்மணம் போட்டு உக்கார முடியல. குழந்தை தப்பிச்சுது. ஆனா மாசம் ஆகறதுக்குள்ள, முன்னாலயே எடுத்துட்டாங்க. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருந்தாங்களாம். நான் பாக்கலீங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், துளசிமணி வந்து சொன்னா, "பொம்பளப் புள்ள, பூனைக்குட்டியாட்டம் இருக்குது"ன்னு. வேட்டித் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு அழுதேன். ஆஸ்பத்திரின்னும் பாக்காம அழுதேன்.

விழுந்த ரெண்டாம் நாளு ஹேமாவப் பாத்து எடுத்துச் சொல்லலாம்னு ரூமுக்குள்ள போனேன். அவ மனசுல ஒண்ணும் இருக்கக் கூடாது பாருங்க. அதனால எல்லாம் வெவரமாச் சொன்னேன். லாக் எப்படி இருக்கும், எந்தப் பக்கம் பாத்து மாட்டோணும், நான் எந்தப் பக்கம் மாட்டினேன், ரோட்டுல கல்லு பட்டிருந்தா எப்படிக் கழலும், எல்லாம். காலைத் தூக்கிக் கட்டியிருந்தாங்க, அப்படியே செவுத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்தா. கடைசில, "மாமா, கொஞ்சம் வெளிய இருங்க"ன்னா. அவ்வளவுதான். என்ன ஒரு வார்த்தை பாத்தீங்களா? வெளிய இருங்க. அன்னைக்கிருந்து வெளியதான் இருக்கேன்.

மெக்கானிக் அறுந்த செயினைக் கையில எடுத்துப் பாத்துட்டு பூபதிகிட்டக் காட்டியிருக்கான், இந்தச் செயினுக்குக் கம்பெனில லாக்கே வராதுங்க, யாரோ வெட்டி லாக் போட்டிருக்காங்கன்னு. நேரா வந்தான். அந்தச் செயினைக் காகிதத்துல சுத்தி, இதோ இந்தத் திட்டு மேல வெச்சான். "ஏம்பா?" அவ்வளவுதான் கேட்டான். சத்தம் போட்டிருந்தாக்கூட நான் பேசியிருப்பேன். மெதுவாக் கேட்டான். நானும், லாக்குதான்டா தப்புன்னேன். செயின் அப்பவும் சுத்தமா இருந்துது, அதைக்கூடச் சொன்னேன். "அப்பா, எனக்கு லாக்கு வேண்டாம். நான் பண்ணினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்ற அன்னைக்குக் குழந்தையத் தூக்குங்க"ன்னான். போயிட்டான். சரவணம்பட்டிக்குக் குடி போயிட்டான், வண்டிய வித்துட்டான். காரு வாங்கிட்டான். காருக்கு வெளிய செயினே இல்லீங்க, அதனாலதான் வாங்கியிருப்பான்போல.

நீங்களே சொல்லுங்க. தப்புங்கறது என்னுங்க? கெடுக்கோணும்னு நெனைச்சுச் செஞ்சாத்தானே தப்பு? நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்? செயின் அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன். கழட்ட வழியில்ல, வழி பண்ணினேன். இதுல தப்பு எந்தக் கண்ணியில இருக்குது, காட்டுங்க. காட்டிட்டா இப்பவே சொல்லிடறேன்.

சொல்லுவேன், சொல்லுவேன். அவ அழுதாளே. சொல்லாம இருப்பனா? வந்து எறங்கட்டும், எறங்கினதும் சொல்லிடறேன். அப்புறம் வேணா, சாப்பிட்டு முடிச்சு, நெதானமா அந்த லாக் சமாச்சாரத்தையும் எடுத்துச் சொல்லிக்கலாம். ரெண்டையும் சொன்னாத்தானுங்களே முழுசா ஆகும்.

முக்காவாசி முடிஞ்சுது தம்பி. பாருங்க எவ்வளவு கருப்புத் தண்ணி. இதெல்லாம் உங்க செயினுக்குள்ள இருந்ததுதான். இந்தக் கண்ணி மட்டும் மடங்க மாட்டேங்குது. இப்படி இல்ல, இதைக் கழட்டி ஊறவெச்சாத்தான் வழிக்கு வரும். ஜாயிண்ட் எங்கன்னு பாக்கறேன் இருங்க. ஒண்ணு... இங்கயும் இல்ல... இந்தப் பக்கமும்... அட. உங்களுதுலயும் இல்லீங்களே!

என்ன தம்பி, வண்டிய எறக்கறீங்க? நான் வெட்டறேன்னா சொன்னேன்? சொல்லலீங்களே. பாக்கறேன்னுதானே சொன்னேன். கைய எடுங்க, ஸ்டாண்டு சாஞ்சுரும்...

இருங்க. காருச் சத்தம்.

வந்துட்டாங்க! அதோ, வெள்ளைக் காரு, திரும்புது பாருங்க. அவன்தான். கையக் குடுங்க, முட்டி புடிச்சுக்கிச்சு. ஐயோ வேண்டாம் வேண்டாம், உங்க சட்டைல ஆயிரும். நானே எந்திரிக்கறேன். துணி எங்க? அந்தத் துணி... பெட்ரோல்ல கெடக்குதே. வேட்டிலயே தொடைக்கறேன். போகலீங்களே. போக மாட்டேங்குது. சோப்பு உள்ள இருக்குது. போய் கழுவிட்டு வந்துடறேன், இல்ல, இருக்கட்டும், அதுக்குள்ள எறங்கிருவாங்க.

பூபதி! வா சாமி, வா, உள்ள வா! கேட்டுத் தொறந்துதான் கெடக்குது!

ஏன் அங்கயே நிக்கறான்? எடம் இருக்குதே. நீங்க சித்த நகருங்க தம்பி, உங்க வண்டி மறைக்குது போல. இல்ல... பாக்கறானுங்க. எம் மூஞ்சியப் பாக்கல. கையப் பாக்கறான்.

பூபதி! டேய், இது நம்ம செயின் இல்லடா! இவரோடதுடா! இந்தத் தம்பியோடது!

துளசிமணி என்ன, கண்ணாடிய ஏத்தறா? ஏத்தறது அவ இல்ல, ஹேமாதான். ஏத்தட்டும், பெட்ரோல் வாசம் பச்சைக் குழந்தைக்கு ஆகாதுதான். சரிதான். இருடா, நான் தள்ளி நிக்கறேன், இந்தா, கையப் பொறத்தால கட்டிக்கிட்டேன் பாரு. பூபதி! நான்... டேய், நான் சொல்றேன், நில்லுடா! நான் பண்ணினது...

பின்னால எடுக்கறான்.

போயிட்டானுங்களா? முக்குல திரும்பிட்டானா? இங்கிருந்து தெரியல.

தம்பி, நீங்க அந்தப் பக்கமா நின்னீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா? துளசிமணி மடியில, வெள்ளைத் துணில. நான் மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள கண்ணாடி ஏறிருச்சு. தலைல முடி இருந்துச்சுங்களா? யார் ஜாடைங்க? முழிச்சிருந்துச்சுங்களா, தூங்கிச்சுங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு கையாவது வெளிய தெரிஞ்சிருக்குமே.

சரி விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க.

சாவியும் அவனோடயே போயிருச்சு. வீட்டை இன்னொரு நாள் வந்து பாருங்க. கெளம்பறீங்களா? தள்ளிக்கிட்டா போறீங்க? ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, எம்புட்டு நைசாப் போகுதுன்னு தெரியும். வேண்டாமா. உங்க இஷ்டம். கேட்டை மட்டும் மூடிராதீங்க தம்பி. அப்படியே இருக்கட்டும். அவன் எப்பவும் இப்படித்தான், ஒரு சுத்துச் சுத்திட்டு வருவான்.

கீல் கொஞ்சம் கிறீச்சுங்குது, கேக்குதுங்களா? கைதான் அழுக்காயிருச்சே. அதுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுடறேன்.